இல்லம் புகுந்த உயிர்: கழுகுமலையும் கரிசல் வீடுகளும்

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பத்தினர், வெட்டுவான் கோயிலைக் கண்டு வியந்து, பாறை முகப்பில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களை வணங்கி, பார்சுவநாதர் சிற்பத்தின் முன் சற்று நேரம் நின்று திரும்புவது வழக்கம். அச்சிற்பத்தில் பகவானின் திருமுடிக்குமேல் தரணேந்திரன் ஐந்தலைப் படம் விரித்து நிற்கிறான். பத்மாவதி உடன் நிற்கிறாள். மேலே கமடன் பாறையைத் தூக்கி எறிய முனைகிறான். இடையூறு செய்பவன் மனிதவடிவினன். காத்து நிற்பது பாம்பு. வீட்டு முற்றத்தில் பாம்பு தென்பட்டால் கம்பைத் தேடும் நாட்டில், இதனைக் காட்டிலும் துணிவான சிற்பக் கருத்து வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

இக்காட்சிக்கு முற்பட்ட கதை நாம் அறிந்ததே. ஆயினும் அதில் உள்ள ஒரு சிறு செய்தியை நாம் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். இளவரசராக இருந்த பார்சுவர், பஞ்சாக்கினி வளர்த்துத் தவம் செய்த தாபசன் ஒருவன் விறகுக் கட்டையைப் பிளக்கக் கோடரியை ஓங்கியபோது, “இதனுள் உயிர்கள் உள்ளன, பிளவாதே” என்று தடுத்தார். குணபத்திராசாரியரின் உத்தரபுராணம் கூறும் வரலாறு இது. தாபசன் செவிசாய்க்கவில்லை. கட்டை பிளந்தது, உள்ளிருந்த பாம்பிணையும் வெட்டுண்டது. இறக்கும் தறுவாயில் அறவுரை கேட்ட அவ்விணையே தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தது. இங்கே அறம் பேசப்படும் இடம் போர்க்களமோ வேள்விச்சாலையோ அன்று, ஒரு விறகுக்கட்டை. கோடரி இறங்குவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாயா என்பதே பகவான் எழுப்பிய கேள்வி.

கரிசல் நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்க்கு இக்கேள்வி புராணமாக மட்டும் ஒலிப்பதில்லை. சீமைக் கருவேல் மண்டிய அந்நிலப்பகுதியில் விறகு வெட்டுவதும், வெட்டிய விறகை அடுக்கி மண் மூடிக் கரிமூட்டம் போடுவதும் இன்றும் பலருக்குப் பிழைப்பு. பல நாள் அடுக்கிக் கிடக்கும் விறகினுள் அரணையும் ஓணானும் விரியனும் தங்கும். தீ மூட்டுவதற்கு முன் அடுக்கைக் கலைத்துப் பார்ப்பவர் உண்டு, பாராதவரும் உண்டு. இவ்விருவரிடையே உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். அதாவது, நம் இல்லத்திலும் நிலத்திலும் புகுந்த ஓர் உயிரைக் கொல்லாமல் அகற்றுவது எப்படி என்று நம் முன்னோர் எண்ணிய வரலாறு.

முதலில் கழுகுமலையைப் பற்றிச் சில சொற்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமாகிய 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அருகன் உருவங்கள் செதுக்கப்பட்டன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் பொறித்த குறுங்கல்வெட்டுகள் ஏறத்தாழ நூறு உள்ளன. திருநெச்சுறம் என்பது இவ்வூரின் பழம்பெயர். செய்வித்தவர்களில் குரவரும் குரத்தியரும் உண்டு. தச்சரும் குயவரும் உண்டு. பல ஊர்களைச் சேர்ந்த எளிய குடும்பத்தாரும் உண்டு. அரசன் கட்டளையால் எழுந்த மலை அன்று அது. ஊரார் ஒவ்வொருவராக ஒரு திருமேனி செய்வித்து நிறைத்த மலை. சித்தாந்தம் உரைப்போர்க்கும் வைராக்கியர்க்கும் உணவு அளிக்க வழி செய்யப்பட்டதையும் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே அங்கே துறவியர் தொடர்ந்து வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

வெறும் பாறையில், குகைநிழலில், எறும்பும் தேளும் பூரானும் பாம்பும் இயல்பாக உலவும் இடத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி மயிற்பீலி. இதனைத் துறவின் அடையாளம் என்று மட்டும் கருதுவது போதாது. அது வேலை செய்யும் கருவி. அமருமுன், படுக்குமுன், ஒரு பொருளை எடுக்குமுன், வைக்குமுன் அவ்விடத்தைக் கண்ணால் நோக்கிப் பின் பீலியால் மெல்லத் தடவி, அங்குள்ள சிற்றுயிர்களை ஒதுக்குவதற்கு உரியது. ஐந்து சமிதிகளில் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது இதுவே. துடைப்பத்தின் ஈர்க்கு எறும்பின் காலை முறிக்கும். துணி அதனைச் சிக்கவைக்கும். மயிலிறகின் நுனியோ கண்ணிமையில் பட்டாலும் உறுத்தாது. மென்மை, எளிதில் தூசும் வியர்வையும் பற்றாமை, கனமின்மை ஆகிய பண்புகளை ஆராய்ந்தே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. உயிரைக் கொல்லாமல் இடம்பெயர்த்தற்கென்றே உருவான கருவிகளில் இதற்கு மூத்தது ஒன்று இருக்குமானால் அதனை நான் அறியேன். இப்பீலிக்கு உரிய இறகுகள் மயில் தானே உதிர்ப்பவை என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். மயிலைப் பற்றிப் பின்னர் வேறொரு வகையில் பேச வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கவுந்தி அடிகள் பீலியைக் கைக்கொண்டு புறப்படுவதை நாம் பள்ளியில் பயின்றிருக்கிறோம். நாடுகாண் காதையில் அவர் கோவலனிடம் வழியின் இடர்களைச் சொல்லும் முறையை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் நான் வியந்திருக்கிறேன். பிற காப்பியங்களில் வழியின் இடர் என்றால் கள்வரும் விலங்கும் ஆவர்; பயணிக்கு அவற்றால் தீங்கு நேரும் என்பதே அச்சம். கவுந்தியடிகளோ, வயல்வரப்பின் வழியே சென்றால் நம் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கக்கூடும், அத்துயரைத் தாங்க இயலாது என்கிறார். பயணியால் பிறவுயிர்க்கு நேரும் இடரும் வழியிடரே. தமிழ்நாட்டு வயல்வெளியை, அங்கே நம் வருகைக்கு முன்பே குடியிருப்போரின் பக்கத்திலிருந்து பார்த்த முதற்பார்வை இது எனலாம்.

துறவியர் நிலை இவ்வாறு. இல்லறத்தார்க்கு வந்த நடைமுறைகளில், இப்பொருளுக்கு மிக நெருக்கமானதும் இன்று நாம் மிக வேகமாக மறந்துவருவதும் ஒன்றே. அது நீர் வடித்தல். இரட்டைத் துணியில் நீரை வடித்துப் பருகுவது என்பது பாதி நோன்புதான். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே நீரால் அலசி, அந்நீரை எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே சேர்ப்பது மற்றப் பாதி. வடபுலத்தார் இதனை ஜீவாணி என்பர். வேறு கிணற்றில் ஊற்றலாகாது; தரையில் ஊற்றலாகாது; மேலிருந்து வீசியும் ஊற்றலாகாது. அடியில் வளையம் கோத்த வாளியில் இட்டு, நீர்மட்டம் வரை இறக்கிக் கவிழ்க்க வேண்டும். ஒரு கிணற்றின் உயிர் மற்றொரு கிணற்றில் வாழாது என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். குழாய்நீரும் வடிகட்டும் எந்திரமும் வந்தபின் முதற்பாதியை எந்திரம் ஏற்றுக்கொண்டது; இரண்டாம் பாதியைச் செய்வார் இல்லை. அகற்றுதல் என்பது வெளியே தள்ளுதல் அன்று, வந்த இடத்தில் சேர்த்தல் என்னும் நுட்பம் அந்த இரண்டாம் பாதியில்தான் இருந்தது.

இனிக் கரிசல் வீட்டுக்கு வருவோம். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகளில் கைக்கோலை விட்டால் ஆழம் தெரியாது. அவ்வெடிப்புகள் எலிக்கும் பாம்புக்கும் நிழல் தரும் மாளிகைகள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மண் ஊறிப் பருத்து வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அங்கிருந்தவை மேட்டுநிலம் தேடும். மேட்டுநிலம் என்பது ஊர், ஊரில் வீடு, வீட்டில் தானியம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் சேர்த்துவைக்கும் குலுக்கை என்னும் மண்குதிர், கொல்லையில் சோளத்தட்டைப் படப்பு, அதன் பக்கத்தில் விறகடுக்கு. தானியத்தைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பு நம்மைத் தேடி வருவதே இல்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் சொல்லகராதியைப் புரட்டினால், அம்மண்ணில் மனிதரும் ஆடுமாடும் பூச்சிபொட்டும் எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தன என்பது சொற்களிலேயே விளங்கும்.

அம்மக்கள் நல்ல பாம்பைக் கண்டால் கைகூப்பி வழிவிடுவர்; புற்றில் பாலும் ஊற்றுவர். பாம்பு பால் அருந்தும் உயிர் அன்று என்பதை யாரும் அவர்களிடம் சொல்லாமலா இருந்திருப்பர்! அதே கைகள் கண்ணாடி விரியனைக் கண்டால் கம்பெடுக்கும். தெய்வத்தொடர்பு உடையது தப்பும், அத்தொடர்பு இல்லாதது சாகும் என்னும் இவ்வேற்பாட்டை மரபு என்று போற்றலாம். கொல்லாமை என்று சொல்ல இயலாது. கொல்லாமை உயிரின் பெருமையைப் பார்த்து வழங்கும் சலுகை அன்று.

ஆயினும் அவர்களைக் குறைகூறும் தகுதி எளிதில் வருவதில்லை. பாம்புக்கடி என்பது வறிய உழவரின் சாவு. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்த்தது. சீவக சிந்தாமணியின் பதுமையார் இலம்பகத்தில் பாம்பு தீண்டிய பதுமையைச் சீவகன் உயிர்ப்பிக்கிறான். திருத்தக்கதேவர் காலத்திலும் தோட்டத்துக்குச் சென்ற பெண்ணைப் பாம்பு தீண்டுவது கேட்பவர் உடனே நம்பக்கூடிய செய்தியாக இருந்தது. இன்று தீண்டப்பட்டவர்க்குச் சீவகன் வரமாட்டான். மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்வதே வழி. நஞ்சுமுறி மருந்து அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இந்த அச்சத்தை ஆங்கிலேய அரசு வேறு வகையில் தீர்க்க முயன்றது. ஜோசப் ஃபேரர் என்னும் படைமருத்துவர் 1872இல் இந்தியாவின் நச்சுப்பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அக்காலம் முதலே மாகாணங்கள்தோறும் பாம்புக்கடிச் சாவுகள் எண்ணப்பட்டன. கொன்ற பாம்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப்பணமும் வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 சாவுகள் என்னும் கணக்கு பல்லாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. பரிசுப்பணம் அதனைக் குறைக்கவில்லை. ஒரு வெடிப்பிலிருந்த பாம்பைக் கொன்றால் எலி உள்ளவரை அவ்வெடிப்புக்கு மற்றொரு பாம்பு வரும் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. விடுதலைக்குப் பின்னும் பாம்புத்தோல் ஏற்றுமதிக்காக இலட்சக்கணக்கான பாம்புகள் மடிந்தன. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது.

இங்கே நம் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நம் சமூகத்தார் அறிய வேண்டியது. தோல்வணிகர்க்குப் பாம்பு பிடித்துத் தந்த இருளர் பழங்குடியினர் சட்டம் வந்ததும் பிழைப்பு இழந்தனர். ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் உயிருடன் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விடுவிக்கின்றனர். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி பல்லாண்டுகளாக அங்கிருந்தே சென்றது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சென்று அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கத் துணைபுரிந்தனர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். நஞ்செடுத்தலும், அந்நஞ்சைக் குதிரையின் உடலில் ஏற்றி மருந்து காண்பதும் நம் அளவுகோலில் ஹிம்சை கலந்தவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் தோலுக்காகக் கொன்ற ஒரு தொழில் ஒரு தலைமுறைக்குள் உயிருடன் பிடித்து உயிருடன் விடும் தொழிலாக மாறியது, உபதேசத்தால் அன்று, மாற்றுப் பிழைப்பு கிடைத்ததால். அறம் பேசுவோர் இதனைக் குறித்துக்கொள்வது நலம்.

இன்று கோவில்பட்டிப் பகுதியில் வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் பெரும்பாலோர் தீயணைப்பு நிலையத்தாரையோ வனத்துறையினரையோ அழைக்கின்றனர். கம்பெடுக்கும் காலம் முற்றும் மறையாவிடினும், தொலைபேசி எடுக்கும் காலம் வந்துவிட்டது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கொல்வது மட்டுமன்றி, அனுமதியின்றிப் பிடிப்பதும் குற்றம். வருவோர் கொக்கிக் கோலால் பிடித்துப் பையில் இட்டுச் செல்கின்றனர். வீட்டார் நிம்மதி அடைகின்றனர். நாமும், கொல்லவில்லை, நோன்பு பிழைக்கவில்லை என்று மகிழ்கிறோம்.

இந்த இடத்தில்தான் நம் நூல்கள் நம்மை நிறுத்துகின்றன. ஹிம்சை மூவகையால் நிகழும்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்பட்டு மகிழ்தல். கிருதம், காரிதம், அனுமோதனை என்பன அவை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்திலும் அதன்வழித் தமிழில் வந்த அருங்கலச்செப்பிலும் சாவகர்க்கு உரிய நோன்பு இம்மூன்றையும் உள்ளடக்கியே பேசப்படுகிறது. பையில் போன பாம்பு என்னவாயிற்று என்று நாம் கேட்டோமா? பிடிப்போரின் மீது பழிசொல்வதற்காக இதனைக் கூறவில்லை. தம் உயிரைப் பணயம் வைத்து வருவோர் அவர்கள். ஆனால் “எங்கேயாவது வெகுதூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்று அவர்களை வற்புறுத்துவது பெரும்பாலும் வீட்டார்தாம்.

வெகுதூரத்தில் விடப்படும் பாம்பின் நிலை குறித்து உலகின் பல பகுதிகளிலும் ஆய்வாளர்கள் சிறு ஒலிபரப்பிகளைப் பொருத்திக் கண்காணித்திருக்கின்றனர். பழகிய வளையும் நீரும் இரையும் அறியாத நிலத்தில் அப்பாம்பு இயல்புக்கு மிஞ்சிய தொலைவு அலைகிறது, சாலையைக் கடக்கிறது, அறியாத ஊருக்குள் புகுகிறது. இடம்பெயர்க்கப்பட்டவை தம் நிலத்திலேயே இருந்தவற்றைவிட மிகுதியாக இறக்கின்றன. நாம் விட்ட ஊரில் ஒருவரைத் தீண்டினால் அதுவும் நம் கணக்கில் சேரும். ஆதலால் பிடித்த இடத்துக்கு அருகிலேயே, மனிதர் புழங்காத புதரிலோ ஓடைக்கரையிலோ விடுவதே முறை என்று துறையறிந்தோர் கூறுகின்றனர். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 மார்ச்சில் மனித–வனவுயிர் முரண்பாடு குறித்து வெளியிட்ட 14 வழிகாட்டி நெறிகளுள் பாம்புக்கென்றே ஒன்று உள்ளது. இதனைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வளையம் கோத்த வாளிதான். ஒலிபரப்பி பொருத்திக் கண்ட முடிவை நம் வீட்டுப் பெண்டிர் கிணற்றடியில் நின்று கடைப்பிடித்திருந்தனர்.

எலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏனெனில் இங்கே நாம் பேசத் தயங்குகிறோம். பாம்புக்கு இரங்கும் வீட்டில் எலிக்குப் பசைத்தாள் விரிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒட்டிய எலி உடனே சாவதில்லை. பசியாலும் தாகத்தாலும் மூச்சடைத்தும் ஒரு நாள், இரண்டு நாள் துடித்துச் சாகிறது. பல்லியும் குருவியும்கூட அதில் சிக்குகின்றன. இந்திய விலங்கு நல வாரியமே இதனைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. நஞ்சு வைத்தால் நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் பூனையும் மடிகின்றன. கூண்டுப்பொறியில் உயிருடன் பிடித்து வெளியே விடுவது இவ்விரண்டினும் எவ்வளவோ மேல். ஆனால் வளையை அடைக்காமல் எலியை மட்டும் அகற்றினால் அடுத்த வாரம் வேறு எலி வரும். பழைய குலுக்கை இவ்வகையில் அறிவுடைய அமைப்பு: மண்ணால் முழுதும் மூடப்பட்டு, அடியில் சிறு துளை வழியே மட்டும் தானியம் இறங்கும், துளைக்கும் அடைப்பு உண்டு. எலியை வெல்லும் வழி எலியிடம் இல்லை, தானியத்தை வைக்கும் முறையில் இருக்கிறது என்று அதனைச் செய்த கரிசல் பெண்கள் அறிந்திருந்தனர். வேளாண் துறையினர் வயலில் ஆந்தை அமர டி வடிவக் கம்பு நடச் சொல்கின்றனர். அது நம் நோன்புக்குப் பொருந்துமா என்று ஒருமுறை நண்பரிடையே நெடுநேரம் வாதம் நடந்தது. ஆந்தையின் உணவு ஆந்தையின் இயல்பு என்றார் ஒருவர். கம்பை நட்ட கை காரிதம் ஆகாதா என்றார் மற்றொருவர். முடிவு எட்டப்படவில்லை.

இவ்வாதத்தில் அமிர்தசந்திர சூரி உதவுகிறார். புருஷார்த்தசித்தியுபாயத்தில் அவர் எடுத்து மறுக்கும் வாதங்களுள் ஒன்று இது: கொல்லும் இயல்புடைய விலங்கு ஒன்றைக் கொன்றால் அதனால் சாகவிருந்த பல உயிர்கள் பிழைக்கும், எனவே அதனைக் கொல்லலாம் என்பது. இவ்வாறு எண்ணிக் கொடிய விலங்கையும் கொல்லலாகாது என்று அவர் விதிக்கிறார். எந்த உயிர் வாழத்தக்கது என்று தீர்ப்பளிக்கும் நாற்காலியில் மனிதன் அமரலாகாது என்பதே அதன் கருத்து எனக் கொள்கிறேன். அதே சமயம் நம் ஆசாரியர்கள் இல்லறத்தானின் நிலையையும் அறிவர். ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை முற்றும் விடுக என்றும், சமையலிலும் உழவிலும் தற்காப்பிலும் நேர்வதை இயன்றவரை குறைத்துக்கொள்க என்றும் கூறினர். உழுதுண்ணும் குடும்பங்கள் மிகுந்த தமிழ்ச் சமணர்க்கு இப்பகுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நம் கழனிகளில் அன்றாடம் எதிர்ப்படுவது.

மக்காச்சோளம் பரவிய பின் கரிசல் நிலத்தில் காட்டுப்பன்றியின் தொல்லை பெரிதாயிற்று. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் உழப்பட்டுப்போகும். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றிக்குத் தீங்கிழைக்கலாகாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை உள்ளவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவனவற்றை வனத்துறையினர் மட்டும் உரிய அனுமதியோடு சுடலாம். சுடுவதை நாம் ஏற்க இயலாது. ஆயினும் இவ்வாணையின் முதலிரண்டு பகுதிகளில், காட்டருகே வருவது அதன் இடம், சற்று விலகி வருவதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் இருப்பதைக் காண்கிறேன். மூன்றாவது பகுதியை எதிர்த்து எழுதும் நம்மவர், பயிரிழந்தவர்க்கு இழப்பீடு விரைந்து கிடைக்கவும் சேர்ந்து எழுதினால் நம் சொல்லுக்கு எடை கூடும். உழவனின் இழப்பில் பங்கேற்காமல் அவனுக்குக் கொல்லாமை போதிப்பது எளிய புண்ணியம்.

மயிலும் அவ்வாறே. 1963இல் தேசியப் பறவையான மயில் இன்று கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் உளுந்து, பாசி, மிளகாய்ப் பயிர்களைக் கொத்துவதாக உழவர் முறையிடாத ஆண்டில்லை. நஞ்சு கலந்த தானியத்துக்கு மயில்கள் பலியாகும் செய்தி அவ்வப்போது தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறது. யசோதர காவியத்தில் மாவுக்கோழியைப் பலியிட்ட யசோதரன் அடுத்த பிறவியில் மயிலாகப் பிறந்ததை நாம் படிக்கிறோம். நம் முனிவரின் கையில் உள்ள பீலி இப்படியொரு வயல்வெளியில் உதிர்ந்த இறகுகளால் ஆனது. அப்படியிருக்க, மயில் தின்ற உளுந்துக்கான விலையை அவ்வுழவன் ஒருவனே தர வேண்டும் என்று விட்டுவிடுவது முறையாகத் தோன்றவில்லை. விதைப்புக் காலத்தில் வரப்போரம் பளபளக்கும் நாடா கட்டுதல், காவல் இருத்தல் முதலிய வழிகளுக்கு ஆகும் செலவு பெரிதன்று. யாத்திரை செல்லும் ஊர்களில் நம் அறக்கட்டளைகள் அன்னதானத்தோடு இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

தென்பாண்டி நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் குளத்தில் மட்டுமன்றி ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. இரைச்சலும் எச்சமும் மீன்நாற்றமும் சிறிதல்ல. வேறோர் ஊராயின் மரத்தை வெட்டி அகற்றியிருப்பர். அவ்வூரார் அவற்றை நல்வரவாகக் கொண்டு, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுகின்றனர்; பறவைகள் அஞ்சும் என்று பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர்; எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்குகின்றனர். 1994இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது. ஊரார் காத்ததோ அதற்குப் பல தலைமுறை முன்பிருந்து. அவர்களுள் சமணர் எவரும் இல்லை. மகாவீரர் நிர்வாணம் அடைந்த தீபாவளி நாளில் வெடியோசையின்றி அவ்வூர் இருக்கும்.

கழுகுமலைக்கு யாத்திரை அமைக்கும் குழுவினர், மலையிறங்கிய பின் பேருந்தைத் தெற்கே திருப்பினால் அன்று மாலைக்குள் கூந்தன்குளம் சென்று சேரலாம். தை முதல் பங்குனி வரை பறவைகள் மிகுதியாக இருக்கும். சூரியன் மறையுமுன் உணவு முடித்துக்கொள்ள வேண்டியவர்கள் ஆதலால், கழுகுமலையிலிருந்து நண்பகலுக்குள் புறப்படுவது நல்லது.